தம் மாரோ தம்: ஒரு பாடலின் ஒலிப்பதிவு வரலாறு

தம் மாரோ தம் என்பது தேவ் ஆனந்த் இயக்கி நடித்த ஹரே ராமா ஹரே கிருஷ்ணா (1971) என்னும் இந்தித் திரைப்படத்தில் இடம்பெற்ற பாடல். பாடலை எழுதியவர் ஆனந்த் பக்‌ஷி. இசையமைத்தவர் ஆர். டி. பர்மன். ஆஷா போஸ்லே கோரஸ் குழுவினருடன் பாடினார். 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பரவிய சைகடெலிக் ராக் இசையின் சாயலை இந்தியத் திரைப்பாடலுக்குள் கொண்டுவந்த பாடல்களில் மிகப் பரவலாக அறியப்பட்டது இதுதான்.

படத்தில் இப்பாடல் போதைப் பழக்கத்துக்கு எதிரான ஒரு கதையின் நடுவே வருகிறது. கேட்டவர்கள் பலரும் அப்படிக் கேட்கவில்லை. இயக்குநர் படத்தில் இதைச் சுருக்கினார். அகில இந்திய வானொலி ஒலிபரப்பத் தடை விதித்தது. இவ்வளவுக்குப் பிறகும் பாடல் முழுதாக மக்களிடம் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் இசைத்தட்டு. எனவே இப்பாடலின் வரலாற்றைத் திரையிலிருந்து பார்ப்பதைவிட ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து பார்ப்பதே பொருத்தமாக இருக்கும்.

பெயர்

இந்தியிலும் உருதுவிலும் 'தம்' என்றால் மூச்சு. பாரசீகத்திலிருந்து வந்த சொல். புகையை ஒருமுறை உள்ளிழுப்பதற்கும் அதே சொல்தான். 'மாரோ' என்றால் அடி. தமிழ் வாசகருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. 'தம் கட்டி'ப் பேசுவதும், பெட்டிக்கடை ஓரத்தில் 'தம் அடி'ப்பதும், 'தம்' போட்டு மூடிவைத்துப் பிரியாணி செய்வதும் நம் பேச்சில் என்றோ கலந்துவிட்டவை. இந்தி தெரியாத தமிழ் இளைஞருக்கும் பாடலின் தலைப்பு மட்டும் முதல்முறை கேட்கும்போதே புரிந்துவிட்டது.

கராஜ் ராக், சைகடெலிக் ராக்

இப்பாடலின் ஓசை எங்கிருந்து வந்தது என்பதை அறிய அமெரிக்காவுக்கு ஒருமுறை போய்வர வேண்டும். 1964-இல் பீட்டில்ஸ் குழு அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றிய பிறகு, அந்நாட்டின் ஊர்தோறும் பள்ளி மாணவர்கள் இசைக்குழு தொடங்கினர். ஒத்திகைக்கு இடம் வீட்டின் கார் நிறுத்தும் கொட்டகை. அதனால்தான் அந்த இசைக்குக் கராஜ் ராக் என்று பின்னாளில் பெயர் வந்தது. விலை குறைந்த கிதார், வேண்டுமென்றே கரகரக்கவிடப்பட்ட ஒலிபெருக்கி, இத்தாலியின் ஃபார்ஃபிசா அல்லது இங்கிலாந்தின் வாக்ஸ் நிறுவனம் செய்த கையடக்கமான மின் ஆர்கன், இரண்டு மூன்று கார்டுகள், இவ்வளவே மூலதனம். 1966 வாக்கில் இதனுடன் கனவு, மயக்கம், போதை ஆகியவற்றை ஒலியால் காட்ட முயலும் சைகடெலிக் போக்கும் சேர்ந்துகொண்டது.

லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியைச் சேர்ந்த தி எலெக்ட்ரிக் ப்ரூன்ஸ் குழு 1966 நவம்பரில் வெளியிட்ட 'ஐ ஹேட் டூ மச் டு ட்ரீம் (லாஸ்ட் நைட்)' இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு பெரும் வண்டுக் கூட்டம் தொலைவிலிருந்து நம்மை நோக்கி வருவது போன்ற இரைச்சலுடன் அப்பாடல் தொடங்கும். அது திட்டமிட்டுச் செய்ததன்று. ஏற்கெனவே பயன்படுத்திய ஒலிநாடாவைத் திருப்பிப் போட்டுப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். நாடாவின் கடைசியில் கென் வில்லியம்ஸ் முன்பு அதிர்வுக்கோலை ஆட்டி வாசித்திருந்த கிதார் பின்னோக்கி ஓடிக் கேட்டது. பாடகர் ஜேம்ஸ் லோ அதை அழிக்க விடவில்லை. தயாரிப்பாளர் டேவ் ஹாசிங்கர் அந்தத் துண்டை எடுத்துப் பாடலின் தலையில் ஒட்டினார். பாடல் பில்போர்டு பட்டியலில் 11-ஆம் இடம் வரை சென்றது. ஒலிநாடாவை வெட்டுவதும் ஒட்டுவதும் திருப்புவதும் இந்த இசைக்கு வாத்தியம் வாசிப்பதைப் போன்றே முக்கியமான வேலைகள் என்பதற்காக இதை இங்கே சொல்கிறோம். பம்பாயில் அந்த வசதி கிடையாது. அங்கே இதே மயக்கத்தை வேறு வழியில் உண்டாக்க வேண்டியிருந்தது.

இந்தியாவிலும் கராஜ் குழுக்கள் இருந்தன. பம்பாய், கல்கத்தா, சென்னை, பெங்களூர், ஷில்லாங் ஆகிய நகரங்களின் கல்லூரி மாணவர்கள் ஆங்கிலத்தில் பாடினர். சிம்லா என்ற சிகரெட்டின் விளம்பரத்துக்காக அதைத் தயாரித்த புகையிலை நிறுவனம் 'சிம்லா பீட்' என்ற இசைக்குழுப் போட்டியை நடத்தியது. 1970, 1971 ஆகிய இரண்டு ஆண்டுகளின் போட்டிக் குழுக்களைத் தொகுத்து இசைத்தட்டுகளும் வெளிவந்தன. ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ் போன்ற குழுக்களின் குரல் இன்று நமக்குக் கிடைப்பது அந்தத் தட்டுகளால்தான். ஆனால் அக்குழுக்களின் இசை நகரத்துக் கல்லூரிகளையும் உணவு விடுதிகளையும் தாண்டவில்லை. அதே ஓசை நாட்டின் மற்றப் பகுதிகளுக்குப் போனது சினிமா வழியாக.

காத்மாண்டு

ஐரோப்பாவிலிருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியா வழியாக வந்த ஹிப்பிகளின் தரைவழிப் பயணம் அந்நாளில் காத்மாண்டில் முடிந்தது. நேபாளத்தில் கஞ்சா, சரஸ் கடைகள் அரசு உரிமத்துடன் நடந்தன. 1973-இல்தான் அந்த உரிமங்கள் நீக்கப்பட்டன. இந்தியாவின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985-ஆம் ஆண்டினது. இந்தத் தேதிகளை மனத்தில் வைத்துக்கொண்டால், பாடல் வெளிவந்தபோது அதிலிருந்த அதிர்ச்சி சட்டத்தைப் பற்றியதைவிடக் குடும்பத்தைப் பற்றியது என்பது விளங்கும்.

காத்மாண்டு சென்றிருந்த தேவ் ஆனந்த் அங்கே ஹிப்பிகளின் நடுவே ஓர் இந்தியப் பெண்ணைக் கண்டார். பெற்றோரின் சண்டையால் வீட்டைவிட்டு வந்தவள் அவள். அதுவே கதையின் விதை. படத்தில் கனடாவின் மான்ட்ரியலில் வாழும் குடும்பம் பிரிகிறது. மகனைத் தாய் இந்தியாவுக்கு அழைத்துப் போகிறாள். மகள் ஜஸ்பீர் தந்தையிடம் வளர்கிறாள். தாயும் அண்ணனும் இறந்துவிட்டதாக அவளிடம் சொல்லப்படுகிறது. அவள் வீட்டைவிட்டு ஓடி, ஜானிஸ் என்ற பெயரில் காத்மாண்டு ஹிப்பிகளுடன் வாழ்கிறாள். அண்ணன் பிரசாந்த் தேடி வருகிறான். தங்கையாக நடித்தவர் ஜீனத் அமன். அழகிப்போட்டியில் வென்று வந்திருந்த அவருக்கு இப்படமே பெயர் வாங்கித் தந்தது.

ஹரே கிருஷ்ண மந்திரம் இக்கதைக்குள் வந்த வழியும் சுற்று வழிதான். 1966-இல் நியூயார்க்கில் தொடங்கிய இஸ்கான் இயக்கம் அதை மேற்கில் பரப்பியது. 1969-இல் ஜார்ஜ் ஹாரிசன் தயாரிப்பில் லண்டன் பக்தர்கள் பாடிய அந்த மந்திரத்தின் இசைத்தட்டு ஆங்கில இசைப் பட்டியலிலேயே இடம்பிடித்தது. வங்கத்தில் தெருவெல்லாம் ஒலித்த நாம சங்கீர்த்தனம், கிதாரும் நீண்ட முடியுமாகத் திரும்பி வந்து பம்பாய்ப் படத்தின் கோரஸில் நின்றது. மந்திரத்தைக் கஞ்சாப் புகையோடு சேர்த்ததே பலருக்கும் உறுத்தியது. பாடல் முடிந்த கையோடு கிஷோர் குமார் குரலில் இன்னொரு பாடல் தொடங்கி, கடவுள் பெயரைக் கெடுக்காதீர்கள் என்று ஹிப்பிகளைக் கண்டிப்பது இதற்காகவே.

பர்மனின் கூடம்

1939-இல் கல்கத்தாவில் பிறந்த ஆர். டி. பர்மன், இசையமைப்பாளர் எஸ். டி. பர்மனின் மகன். அலி அக்பர் கானிடம் சரோத் பயின்றவர். தீஸ்ரீ மன்ஸில் (1966) படத்திலேயே ராக் அன் ரோல் தனக்குக் கைவரும் என்று காட்டிவிட்டார். இருந்தாலும் தேவ் ஆனந்தின் நவகேதன் நிறுவனத்தில் மூத்த பர்மனின் இசைதான் வழக்கம். ஹிப்பிக் கதைக்கு மகனின் இசை வந்தது. பாடலைக் கேட்ட தந்தை ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு வெளியேறினார் என்ற கதை பர்மன் வரலாறுகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. பின்னால் சற்று மெருகேற்றப்பட்டிருக்கலாம். ஆனால் ஒரு தலைமுறை கைமாறிய இடமாக இந்தப் பாடலை எல்லாரும் நினைவில் வைத்திருப்பதை அது காட்டுகிறது.

அக்காலத்து ஒலிப்பதிவு முறையை இன்றைய மாணவர்கள் கற்பனை செய்வது கடினம். இப்போது தாளம் ஒரு நாள், கிதார் ஒரு நாள், குரல் வேறொரு நாட்டில் என்று தனித்தனியே பதிந்து கணினியில் சேர்க்கிறார்கள். 1971-இல் பம்பாயின் டார்டியோவிலிருந்த ஃபிலிம் சென்டரிலோ, பாந்திராவின் மெஹ்பூப் ஸ்டுடியோவிலோ, சென்னையில் ஏவிஎம் ஒலிப்பதிவுக் கூடத்திலோ அப்படியில்லை. வயலின்காரர்கள், தாளக்காரர்கள், கிதார், கோரஸ் எல்லாரும் ஒரே கூடத்தில் அமர்ந்திருப்பார்கள். பாடகி தனித் தடுப்பில் நிற்பார். பலமுறை ஒத்திகை பார்த்த பிறகு 'டேக்'. மைக்குகளில் வரும் ஒலிகளின் அளவை ஒலிப்பதிவாளர் அந்தக் கணத்திலேயே கையால் கூட்டிக் குறைத்துக் கலப்பார். யாராவது ஓரிடத்தில் பிசகினால் மறுபடி முதலிலிருந்து. படத்தின் ஒலியே ஒற்றைத் தடம். ஸ்டீரியோ இந்தித் திரையில் பெரிதாக ஒலித்தது 1975-இல் ஷோலே வந்தபோதுதான். அதற்கும் இதே பர்மன்தான் இசை.

நாடாவைத் திருப்பிப் போட்டு விளையாட இங்கே இடமில்லை. கனவின் மயக்கத்தை உண்டாக்க வேண்டுமென்றால் கூடத்தில் இருப்பவர் கையாலேயே உண்டாக்க வேண்டும். பர்மனின் உதவியாளர்களான மனோகரி சிங், பாசு சக்ரவர்த்தி, மாருதி ராவ் கீர் ஆகியோர் இப்படிப்பட்ட வேலைகளுக்குப் பழகியவர்கள். தம் மாரோ தம் பாடலில் இரண்டு வாத்தியங்கள் அந்த வேலையைச் செய்தன.

முதலாவது, தொடக்கத்தில் வரும் நீண்ட ஒற்றைச் சுரம். எங்கோ ஒரு மின்மாற்றி உறுமுவதைப் போலத் தொடங்கி, மெல்ல அலையடித்து, அறை முழுவதும் நிறையும் அந்த ஒலியை வாசித்தவர் சரண்ஜித் சிங். வாத்தியம் டிரான்சிகார்ட். பார்வைக்கு அக்கார்டியன் போன்றது. உள்ளே துருத்திக் காற்றால் அதிரும் நாக்குகளுக்குப் பதில் மின்சுற்றுகள் இருக்கும். செய்தது ஃபார்ஃபிசா நிறுவனம். அமெரிக்கக் கராஜ் குழுக்களுக்கு ஆர்கன் கொடுத்த அதே இத்தாலிய நிறுவனம்தான் இது. பிங்க் ஃபிளாய்ட் குழுவின் ரிச்சர்டு ரைட் தொடக்க காலத்தில் வாசித்த ஆர்கனும் ஃபார்ஃபிசாவே. எனவே இப்பாடலுக்கும் மேற்கத்திய சைகடெலிக் இசைக்கும் உள்ள உறவை வெறும் 'தாக்கம்' என்று பொதுவாகச் சொல்ல வேண்டியதில்லை. கருவியின் வயிற்றில் இருந்த மின்சுற்றே உறவுதான்.

அதேநேரம் நம் காதுக்கு அந்தச் சுரம் புதிதன்று. தம்புரா செய்யும் வேலை அதுதானே. பாட்டு தொடங்குமுன் ஆதார சுரத்தை நிறுத்தி, கேட்பவரை ஒருமுகப்படுத்துவது. மேற்கத்தியக் குழுக்கள் சிதாரையும் தம்புராவையும் பார்த்து ஒற்றைச் சுர மயக்கத்தைக் கற்றன. சரோத் மாணவரான பர்மன் அதை மின்கருவியில் திரும்ப வாங்கிக்கொண்டார். இதில் யார் யாரிடம் கடன் வாங்கினார் என்று கணக்குப் போடுவது வீண் வேலை.

இரண்டாவது, அச்சுரத்தின் மேல் வந்து விழும் மின்கிதார். வாசித்தவர் பூபிந்தர் சிங். அவரைப் பாடகராக அறிந்தவர்களே அதிகம். 1940-இல் அமிர்தசரசில் பிறந்து, தில்லி வானொலி நிலையத்தில் கிதார் வாசித்து, இசையமைப்பாளர் மதன் மோகன் கண்ணில் பட்டு ஹகீகத் (1964) படத்தில் பாட வந்தவர். பின்னாளில் கஜல் பாடகராகப் புகழ்பெற்றார். யாதோன் கி பாராத் (1973) படத்தின் 'சுரா லியா' பாடலில் வரும் கிதாரும் இவருடையது. மென்மையான கஜல் குரலுக்குச் சொந்தக்காரர்தான் இந்தியத் திரையிசையின் மிகத் திமிரான கிதார்த் தொடரையும் வாசித்தார் என்பது வியப்புக்குரியது. அத்தொடர் நீளமானதோ கடினமானதோ இல்லை. கிதார் பழகத் தொடங்கிய சிறுவன் ஒரு மாலையில் பிடித்துவிடக்கூடியது. கராஜ் ராக்கின் இலக்கணமும் அதுதான். எளிய தொடர், விடாத திருப்பம். தாளம் சேர்ந்து, கோரஸ் மந்திரத்தைப் பிடித்துக்கொண்டதும் பாட்டு தானாக ஓடுகிறது.

ஆஷா போஸ்லே இதன்மேல் பாடும் முறையும் கவனிக்கத்தக்கது. உச்சத்துக்குத் தாவிக் காட்டும் ஆசை அவரிடம் இல்லை. குரலைத் தாழ்த்தி, சற்றுச் சோம்பலாக, மூச்சுக்காற்று மைக்கில் படும்படி பாடுகிறார். தலைப்பிலிருக்கும் 'தம்' என்ற சொல்லை அவர் உச்சரிக்கும்போது அது பொருளையே செய்துகாட்டுகிறது. உலகம் நமக்கு என்ன தந்தது, நாம் ஏன் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்று கேட்கும் ஆனந்த் பக்‌ஷியின் வரிகளில் கொண்டாட்டத்தைவிடக் கைவிடப்பட்ட பிள்ளையின் கோபமே அதிகம். அந்தக் கோபத்தைக் குரலில் காட்டாமல் அலட்சியமாக மாற்றிவிட்டதுதான் ஆஷாவின் சாதனை.

பாடாமல் போன குரல்

இந்தப் பாடலுக்கு முதலில் இரண்டு பாடகிகள் என்று திட்டமிடப்பட்டது. அவர்களில் ஒருவர் இன்று உஷா உதூப் என்று நாம் அறியும் உஷா ஐயர்.

உஷா 1947-இல் பம்பாயில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை பம்பாய்க் காவல்துறையில் பணியாற்றினார். சிறுமியாக இருந்தபோதே இலங்கை வானொலியில் அமீன் சயானியின் நிகழ்ச்சியில் பாடினார். 1969-இல் சென்னை மவுண்ட் ரோட்டில் சஃபையர் திரையரங்க வளாகத்தின் அடித்தளத்திலிருந்த 'நைன் ஜெம்ஸ்' இரவு விடுதியில், பட்டுப்புடவையும் பொட்டுமாக ஆங்கிலப் பாடல்களைப் பாடினார். விடுதிப் பாடகி என்றால் கவுன் அணிந்தவர் என்று இருந்த காலம் அது. கனத்த ஆண்மை கலந்த குரல். பள்ளியில் பாட்டு வகுப்புக்கே பொருந்தாது என்று ஒதுக்கப்பட்ட குரல் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வதுண்டு. அங்கிருந்து கல்கத்தாவின் ட்ரின்காஸ், பிறகு தில்லியின் ஓபராய் விடுதி. தில்லியில் அவர் பாடுவதைக் கேட்ட தேவ் ஆனந்தின் குழுவினர் படத்தில் பாட அழைத்தனர்.

இரண்டு குரல் என்ற திட்டத்தின் பின்னாலிருந்த வழக்கம் தமிழ் வாசகருக்குத் தெரிந்ததே. நம்மூரில் கதாநாயகிக்குப் பி. சுசீலா, கிளப் நடனத்துக்கு எல். ஆர். ஈஸ்வரி என்று குரல்கள் பங்கிடப்பட்டிருந்தன. இந்தியில் அக்கா லதா மங்கேஷ்கருக்கும் தங்கை ஆஷாவுக்கும் இடையே கிட்டத்தட்ட அதே பங்கீடு. இப்பாடலில் நல்ல பெண்ணின் குரலும் தறிகெட்ட பெண்ணின் குரலும் மோத வேண்டும் என்று எண்ணியிருக்கிறார்கள். உஷாவின் குரல் இரண்டாவதற்கு. ஆனால் ஒலிப்பதிவுக்கு முன் திட்டம் மாறியது. பாடல் முழுவதும் ஆஷாவுக்குப் போனது. அந்த வாய்ப்பு கை நழுவியதை உஷா பேட்டிகளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அதே படத்தில் ஆஷாவுடன் சேர்ந்து 'ஐ லவ் யூ' என்ற ஆங்கில வரிகள் கொண்ட பாடலைப் பாடும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அதைக் கேட்டால், தம் மாரோ தம் எப்படி ஒலித்திருக்கக்கூடும் என்பதற்கு ஒரு குறிப்புக் கிடைக்கிறது.

இது நல்லதாகத்தான் முடிந்தது என்று சொல்லிவிட மனம் வரவில்லை. விடுதியில் மின்கிதார்க் குழுவுடன் இரவு தோறும் பாடி, ராக் இசையைத் தொழிலாகவே கற்றிருந்த ஒரே பாடகி அந்தப் பட்டியலில் அவர்தான். ஆனால் அவர் பாடியிருந்தால் கராஜ் ராக்குக்கு இன்னும் நெருக்கமான, இந்தித் திரைக்கு இன்னும் அந்நியமான பாட்டாகியிருக்கும். ஆஷா பாடியதால் அது வீட்டு வானொலிக்குள் நுழைந்தது. உஷாவின் குரல் தமிழ்த் திரைக்குப் பலருக்கும் நினைவிருக்கும்படி வந்தது, இளையராஜா இசையில் அஞ்சலி (1990) படத்தில் அவர் பாடிய 'வேகம் வேகம்' பாடலால்.

திரையில் சுருங்கியது

பாடலைப் பம்பாயில் பதிவு செய்து, அதை ஒலிக்கவிட்டுக் காத்மாண்டில் படம் பிடித்தனர். திரையில் தெரியும் வெள்ளைக்கார ஹிப்பிகள் வேடம் போட்ட துணை நடிகர்கள் அல்லர். அங்கே சுற்றிக்கொண்டிருந்தவர்களையே தேவ் ஆனந்த் அழைத்துவந்தார். அவர்கள் கையிலிருந்த சிலும்பியில் இருந்ததும் உண்மையான சரக்குதான் என்றும், காட்சிக்காகத் தானும் இழுத்துத் தலைசுற்றிப் போனதாகவும், செய்தி அறிந்த தன் தாய் படக்குழுவினரிடம் கொதித்ததாகவும் ஜீனத் அமன் பல ஆண்டுகளுக்குப் பிறகு சமூக ஊடகத்தில் எழுதினார். படத்தில் எல்லாம் நடிப்பு, ஹிப்பிகள் மட்டும் நிஜம். ஆனால் அவர்கள் ஆடியது தங்கள் நாட்டு இசைக்கு அன்று, பம்பாய்க் கூலி வாத்தியக்காரர்களின் இசைக்கு.

பாடலின் வீச்சைக் கண்ட தேவ் ஆனந்த், இது முழுதாக வந்தால் படத்தையே விழுங்கிவிடும் என்று அஞ்சிச் சுருக்கினார் என்பது திரையுலகில் நிலைத்துவிட்ட செய்தி. எப்படியானாலும் திரையில் இருப்பது பாடலின் ஒரு பகுதியே. முழுப் பாடலைக் கேட்க வேண்டியவர் இசைத்தட்டைத்தான் தேட வேண்டும். கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா அதை வெளியிட்டது. அந்நிறுவனத்தின் இசைத்தட்டு ஆலை கல்கத்தாவை ஒட்டிய டம்டம் என்ற ஊரில் இருந்தது. 'தம்' பாட்டுக்கு டம்டம் ஆலை என்பது தற்செயல்தான், இருந்தாலும் சொல்லாமல் விட முடியவில்லை.

வானொலியில் தடை

அகில இந்திய வானொலிக்கும் திரைப்பாடலுக்கும் பழைய பகை உண்டு. 1952-இல் ஒலிபரப்புத்துறை அமைச்சர் பி. வி. கேஸ்கர் காலத்தில் திரைப்பாடல்கள் அரசு வானொலியிலிருந்து ஒதுக்கப்பட்டன. அந்த வெற்றிடத்தில் அதே ஆண்டு டிசம்பரில் இலங்கை வானொலி, அமீன் சயானியின் குரலில் பினாகா கீத்மாலா நிகழ்ச்சியைத் தொடங்கியது. 1957-இல் விவித பாரதி தொடங்கியபின் அரசு வானொலி இறங்கிவந்தது. ஆயினும் குறிப்பிட்ட பாடலை ஒதுக்கும் அதிகாரம் அதன் கையில் இருந்தது. போதையைத் தூண்டும் என்ற காரணத்தால் தம் மாரோ தம் ஒதுக்கப்பட்டது.

கடல் கடந்து வரும் சிற்றலையை அந்த அதிகாரம் எட்டவில்லை. புதன்கிழமை இரவு எட்டு மணிக்குக் கொழும்பிலிருந்து வந்த பினாகா கீத்மாலாவில் இப்பாடல் ஏறிக்கொண்டே போய், 1972-ஆம் ஆண்டின் முடிவுப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அந்தப் பட்டியல் ஒருவர் விருப்பத்தால் அமைவதில்லை. கடைகளில் இசைத்தட்டு எவ்வளவு விற்றது என்ற தகவலும் நேயர் மன்றங்களின் கடிதங்களும் அதற்கு அடிப்படை. அதாவது, வானொலியில் கேட்க முடியாத பாட்டை மக்கள் கடைக்குப் போய் வாங்கினார்கள், வாங்கியதனால் அது இன்னொரு நாட்டின் வானொலியில் முதலிடத்துக்கு வந்தது. 20-ஆவது ஃபிலிம்ஃபேர் விருதுகளில் ஆஷாவுக்குச் சிறந்த பின்னணிப் பாடகி விருதும் இப்பாடலுக்காகக் கிடைத்தது.

தமிழ்நாட்டில் இலங்கை வானொலிக்கு இருந்த செல்வாக்கைச் சொல்லத் தேவையில்லை. அதன் தமிழ்ச் சேவைக்காக வானொலிப் பெட்டியின் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பிப் பழகிய கைகள், சென்னையானாலும் பாலக்கோடு போன்ற சிற்றூரானாலும், சற்று நகர்த்தினால் இந்திச் சேவையையும் பிடிக்கும். 1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்துப் போராடிய மாநிலத்தில் அடுத்த சில ஆண்டுகளிலேயே ஆராதனா, யாதோன் கி பாராத், பாபி படப் பாடல்கள் கல்லூரி விடுதிகளில் முணுமுணுக்கப்பட்டன. திணிக்கப்பட்ட மொழியைத் தள்ளியவர்கள் தாமே தேடிப்போன பாட்டை எடுத்துக்கொண்டார்கள், இதில் முரண்பாடு ஏதுமில்லை. 1976-இல் அன்னக்கிளி வந்தபிறகு இந்த இந்திப் பாட்டு மோகம் தணிந்தது என்பது தமிழ்த் திரையிசையைப் பற்றி எழுதுபவர்கள் பொதுவாக ஒப்புக்கொள்வது.

பின்னாள் பதிவுகள்

2004-இல் அமெரிக்க ராப் பாடகர் மெத்தட் மேன், பஸ்டா ரைம்ஸுடன் பாடிய 'வாட்ஸ் ஹேப்பனிங்' பாடலில் இதன் ஒலித்துண்டை எடுத்து அடித்தளமாக வைத்தார். 1971-இல் பம்பாய்க் கூடத்தில் எல்லாரும் ஒன்றாக வாசித்த நொடிகள், வெட்டி ஒட்டும் கலைக்குக் கடைசியில் மூலப்பொருளாயின. 2011-இல் இதே தலைப்பில் வந்த இந்திப் படத்தில் பிரீதம் இப்பாடலை மாற்றியமைத்தார். அதில் சத்தம் அதிகம், மயக்கம் குறைவு.

இவற்றில் பொருட்படுத்தத்தக்கது 2005-இல் சான்பிரான்சிஸ்கோவின் க்ரோனோஸ் குவார்ட்டெட் வெளியிட்ட 'யூ ஹேவ் ஸ்டோலன் மை ஹார்ட்'. முழுவதும் ஆர். டி. பர்மன் பாடல்கள். பாடியவர் ஆஷா போஸ்லே. பர்மன் 1994-இல் மறைந்துவிட்டார். எழுபது வயதைக் கடந்த ஆஷா தம் மாரோ தம் பாடலை மீண்டும் ஒருமுறை பதிவு செய்தார். நான்கே பேர் கொண்ட அந்த நரம்பிசைக் குழு தங்கள் வாசிப்பைத் தடத்தின்மேல் தடமாக அடுக்கி, பர்மனின் பெருங்கூடத்தை ஈடுகட்ட வேண்டியிருந்தது.

டிரான்சிகார்ட் வாசித்த சரண்ஜித் சிங்கின் கதையைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1982-இல் அவர் ஜப்பானின் ரோலண்டு நிறுவனக் கருவிகள் மூன்றை வைத்துக்கொண்டு, பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். விற்கவில்லை, மறந்தும் போனது. 2010-இல் அது மறுவெளியீடு கண்டபோது, சிகாகோ நகரில் சில ஆண்டுகள் கழித்துப் பிறந்த 'ஆசிட் ஹவுஸ்' இசையை முன்கூட்டியே செய்துவிட்டாரே என்று ஐரோப்பிய இளைஞர்கள் வியந்தார்கள். எழுபது வயதை எட்டிய அவரை மேடையேற்றிச் சுற்றுப்பயணமும் அழைத்துப் போனார்கள். 2015-இல் மும்பையில் மறைந்தார். அவர் வாசித்து மிகுதியானோர் காதில் விழுந்த ஒலி எது என்று பார்த்தால், தம் மாரோ தம் தொடக்கத்தில் வரும் அந்த ஒற்றைச் சுரம்தான்.